குழித்தட்டுக் கணக்கும் கணிப்பொறியும்

 

இக்கழகத்தின் இரவுப் பள்ளியில் பாய் விரித்து அமர்ந்து வாய்பாடு ஒப்பித்த நாங்கள் இன்று ஆய்வகப் பணியில் இருக்கின்றோம். வெள்ளி விழாவில் உரையாற்ற வேண்டுமெனச் செயலாளர் ஐயா அவர்கள் பணித்தபோது, கல்வியின் சிறப்பைப் பேசுவதா என்று முதலில் எண்ணினோம். அதனை எங்களினும் நன்றாகப் பேச வல்லவர்கள் இம்மேடையில் பலர் உளர். ஆகவே, நாள்தோறும் எங்கள் கையில் புழங்கும் ஒரு சிறு பொருளையும், அதனால் எங்களுக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவையும், அதன்பின் நாங்கள் கற்ற ஒரு தொழிலையும் சொல்வதெனத் துணிந்தோம்.

முதலில் ஒரு பழைய நிகழ்ச்சி. 1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற நிர்மலா என்னும் மாணவி, தம் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில், எச்.ஐ.வி. கிருமி இந்நாட்டில் உண்டா என அறிவதற்காக இரத்த மாதிரிகளைத் திரட்டியிருந்தார். அவற்றைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் கிட்டவில்லை. மாதிரிகள் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கப்பட்டு, இரவு இரயிலில் காட்பாடி வழியாக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றன. அங்கே எலிசா என்னும் சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. பின்னர் அமெரிக்காவில் வேறொரு முறையால் ஆராய்ந்தபோதும் அம்முடிவு உறுதியாயிற்று. இந்தியாவில் அக்கிருமி இருப்பது அவ்வாறுதான் முதன்முதலில் வெளிப்பட்டது.

இதனை இங்கே நினைவூட்டக் காரணம் அந்த மஞ்சள் நிறம். நிறம் எவர் கண்ணுக்கும் தெரியும். அந்நிறம் யாருடைய இரத்தத்தினின்று வந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. அதனைச் சொல்வது அருகில் வைத்திருக்கும் ஒரு தாள். அத்தாளில் எழுதப்பட்ட எண்ணும் பெயரும். தாள் தவறினால் நிறம் வேறொருவர் தலையில் போய் விழும். நாங்கள் பேசப்போவது இந்தத் தாளைப் பற்றியே.

எலிசா சோதனை இக்காலத்தில் குழித்தட்டில் நடைபெறுகிறது. ஆய்வகத்தார் 'வெல் பிளேட்' என்பர். நம் தாய்மார்கள் பணியாரச் சட்டியை நினைத்துக் கொள்ளலாம். அதனைப் பிளாஸ்டிக்கில், சதுர முனைகளுடன், உள்ளங்கை அளவில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி. 1951-இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் ஜியூலா தகாட்சி என்பார், இன்ஃபுளுவென்சா ஆராய்ச்சியில் சோதனைக் குழாய்களுக்கு மாற்றாக, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகையில் வரிசைக்குப் 12 ஆக 6 வரிசைக் குழிகளைக் கடைந்தெடுத்தார். பின்னர் 8 வரிசையாக வளர்ந்து 96 குழிகள் என நிலைபெற்றது. 1971-இல் சுவீடனில் எவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் எலிசா முறையை வெளியிட்டனர். அச்சோதனை பின்னாளில் இத்தட்டிலேயே வந்து குடியேறியது.

இத்தட்டின் நீளம் 127.76 மில்லிமீட்டர், அகலம் 85.48 மில்லிமீட்டர். ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்த குழியின் நடு வரை 9 மில்லிமீட்டர். 2004-இல் தர அளவாக வகுக்கப்பட்டமையால், எந்த நாட்டுத் தட்டும் எந்த நாட்டுக் கருவியிலும் பொருந்துகிறது. அதே பரப்பில் 384 குழிகளும் 1536 குழிகளும் கொண்ட தட்டுகளும் உண்டு. கிடைவரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என எழுத்துகள்; நெடுவரிசைகளுக்கு 1 முதல் 12 வரை எண்கள். மேல் இடப்புற முனைக் குழி ஏ1. கீழ் வலப்புற முனைக் குழி எச்12. ஊர்த் தெருவும் வீட்டு எண்ணும் போல, ஒவ்வொரு குழிக்கும் ஒரு முகவரி.

மாதிரிகளை ஊற்றி, கழுவி, நிறமூட்டி, அமிலம் சேர்த்து நிறுத்தியபின், தட்டைப் 'பிளேட் ரீடர்' என்னும் கருவியில் வைப்போம். கருவி ஒவ்வொரு குழியிலும் ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி மறிக்கப்பட்டது என்பதை எண்ணாகத் தரும். அதனை ஒளியடர்த்தி என்பர். நிறம் மிகுந்த குழிக்கு 2-க்கு மேலும், நிறமற்ற குழிக்கு 0.1 போலவும் எண் வரும். கருவியின் வேலை அத்துடன் முடிந்தது. டி7-இல் 2.14 என்று அது சொல்லும். டி7-இல் இருப்பவர் ஒரு சிற்றூரின் ஆறு வயதுக் குழந்தையா, அறுபது வயது முதியவரா என்பது அதற்குத் தெரியாது.

இனி எங்கள் தலைகுனிவைச் சொல்கிறோம். நாங்கள் முன்பு பணிபுரிந்த ஓர் ஆய்வகத்தில், டெங்கு நோய்க்குரிய எதிர்ப்பொருளை அறியும் எலிசா நடந்துவந்தது. முதல் நெடுவரிசையின் எட்டுக் குழிகளிலும் ஒப்பீட்டு மாதிரிகள். அதாவது, விடை முன்னரே தெரிந்தவை. மற்ற 88 குழிகளில் 88 பேருடைய மாதிரிகள். அதுகாறும் கருவி அச்சிட்டுத் தரும் எண்களைப் பார்த்து, பெயர்ப் பதிவேட்டில் ஒவ்வொன்றாகக் கையால் எழுதி வந்தனர். மெதுவான வேலை. நாங்கள் கணிப்பொறி கற்றவர்கள் அல்லவா? எக்செல் தாளில் ஒரு நொடியில் செய்து காட்டுகிறோம் என்று முன்வந்தோம். குழிப்பெயரும் எண்ணுமாகக் கருவி தந்த 96 வரிகளை அகர வரிசைப்படுத்தினோம். பக்கத்தில் பெயர்ப் பட்டியலை ஏ1, ஏ2, ஏ3 என்ற வரிசையில் ஒட்டினோம். ஒப்பீட்டு மாதிரிகள் எட்டும் சரியாக இருந்தன. அறிக்கை அணியமாயிற்று. எங்களுக்குப் பெருமிதம்.

அங்கே மூத்த பணியாளர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை அக்கா என்றே அழைப்போம். கணிப்பொறியைத் தொடமாட்டார், ஆனால் தட்டைக் கருவியில் வைக்குமுன் வெள்ளைத் தாளின்மேல் வைத்து ஒருமுறை பார்ப்பது அவர் வழக்கம். எங்கள் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, டி வரிசையில் மஞ்சள் ஒன்றுதான் இருந்தது. அது நடுவில் இருந்தது. நீங்கள் வலது ஓரத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறீர்களே?" என்றார். கண் தவறியிருக்கும் அக்கா என்று நாங்கள் சொன்னோம். அவர் மறுமொழி கூறாமல், எறியாமல் வைத்திருந்த தட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். மஞ்சள் டி7-இல் இருந்தது. எங்கள் அறிக்கையில் டி10-க்குரியவர் நோயுற்றவர்; டி7-க்குரியவர் நலமானவர்.

எவ்வாறு நிகழ்ந்தது? கணிப்பொறிக்கு 'ஏ10' என்பது எண் அன்று, எழுத்துச் சரம். எழுத்தாக வரிசைப்படுத்தினால், ஏ1-க்குப் பின் ஏ2 வராது; ஏ10, ஏ11, ஏ12 வந்து, அதன் பின்னரே ஏ2 வரும். அகராதியில் 'கல்' என்பதற்குப் பின் 'கல்வி'யும் 'கல்வெட்டு'ம் வந்த பின்னரே 'கள்' வருவது போல. ஆகவே, ஒவ்வொரு வரிசையிலும் முதற்குழி மட்டுமே தன் இடத்தில் நின்றது. 2-ஆம் குழியின் பெயருக்கு 10-இன் எண்ணும், 10-ஆம் குழியின் பெயருக்கு 7-இன் எண்ணும் போய்ச் சேர்ந்தன. 88 பேரில் ஒருவருக்கும் அவருக்குரிய எண் கிட்டவில்லை. ஆனால் ஒப்பீட்டு மாதிரிகளெல்லாம் முதல் நெடுவரிசையில் இருந்தமையால் எட்டும் பிழையின்றி இருந்தன! காவலர் எண்மரையும் வாயிலிலேயே நிறுத்திவிட்டு, வீட்டைத் திறந்துபோட்ட கதை.

அன்று மாலையே கையெழுத்தாகிச் செல்லவிருந்த அறிக்கை அது. அக்கா தடுத்திராவிடில், காய்ச்சலுள்ள ஒருவரிடம் உமக்கு ஒன்றுமில்லை என்று எங்கள் தாள் சொல்லியிருக்கும். முந்தைய வாரத் தாள்களையும் எடுத்துச் சரிபார்த்தோம். அவை கையால் எழுதப்பட்டவை, பிழையில்லை. அரைகுறையாகக் கற்ற கணிப்பொறியைவிட முழுதாகத் தெரிந்த பேனா மேல் என்பதை அன்று ஒப்புக்கொண்டோம்.

பட்டியலில் ஒரு வரி தவறுவதன் விலை நம் மக்களுக்குப் புதிதன்று. எங்களுடன் விடுதியில் தங்கிப் படித்த ஒருவருடைய உதவித்தொகை, பெயருக்கு நேரே அடுத்த வரியின் வங்கிக் கணக்கு எண் விழுந்ததால், ஓராண்டு வேறொருவருக்குச் சென்றது. அலுவலகத்தில் கேட்டபோது, கணிப்பொறியில் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். அந்தச் சொல்லின் கசப்பை அறிந்திருந்தும், நாங்களும் அக்காவிடம் அதையே சொன்னோம். இன்றும் எங்களை உறுத்துவது அதுதான்.

பெரிய நாடுகளிலும் பெரிய நிறுவனங்களிலும் இது நிகழ்ந்திருக்கிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், எந்தப் புற்றுநோயாளிக்கு எந்த மருந்து பயன்தரும் என மரபணுக்களைக்கொண்டு முன்னறியலாம் என்று ஆய்வுகள் வெளியாயின. அவற்றை நம்பி நோயாளிகளிடம் மருத்துவச் சோதனைகளும் தொடங்கின. கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்னும் இரு புள்ளியியலாளர்கள் அக்கணக்குகளை மீண்டும் போட்டுப் பார்த்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் கண்ட பிழைகளுள் ஒன்று, மரபணுப் பட்டியல் முழுவதும் ஒரு வரி இறங்கியிருந்தது. மருந்துக்கு இணங்குபவை, இணங்காதவை என்னும் குறிகளும் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. 2010-இல் அச்சோதனைகள் நிறுத்தப்பட்டன. அடுத்து, 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்தனர். அதில் 65,536 வரிகளுக்குமேல் இடமில்லை. மிகுந்தவை சொல்லாமல் கொள்ளாமல் விடுபட்டன. நோய் உறுதியான 15,841 பேர் சில நாள்கள் கணக்கில் வராமலே போயினர்.

இனி, நாங்கள் கற்ற தொழிலுக்கு வருவோம். மனிதர் கண்ணுக்கு உகந்த வடிவம் ஒன்று; கணிப்பொறிக்கு உகந்த வடிவம் மற்றொன்று. நமக்குத் தட்டின் வடிவமே எளிது: மேலே 1 முதல் 12, பக்கத்தில் ஏ முதல் எச், நடுவே 96 கட்டங்கள். கணிப்பொறிக்கு வேண்டியதோ நீண்ட பட்டியல்: ஒரு குழிக்கு ஒரு வரி, அவ்வரியில் குழியின் முகவரி, மாதிரியின் எண், எத்தனை மடங்கு நீர்த்தது, ஒளியடர்த்தி எவ்வளவு என ஒவ்வொரு செய்திக்கும் ஒரு பத்தி. இந்த ஒழுங்கை ஹேட்லி விக்கம் என்பார் 2014-இல் 'நேர்த்தியான தரவு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரையாக எழுதினார். ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வேலையைக் கையால் செய்தால்தான் கேடு விளைகிறது. அதனை நிரலிடம் விட்டுவிட வேண்டும்.

ஆகவே இப்போது நாங்கள் மாதிரிகளை ஊற்றுமுன்பே ஒரு வரைபடம் எழுதுகிறோம். தட்டைப்போலவே கட்டம் போட்டு, எந்தக் குழியில் எந்த மாதிரி என நிரப்புகிறோம். அதன்கீழ் ஒரு வரி வெற்றிடம் விட்டு, அதேபோல் இன்னொரு கட்டத்தில் நீர்த்தல் அளவு. கருவி தந்த எண்களையும் அவ்வாறே மூன்றாவது கட்டமாக வைக்கிறோம். ஆர் என்னும் நிரல் மொழியில் 2016 முதல் 'பிளேட்டர்' என்றொரு தொகுப்பு உண்டு. அது இக்கட்டங்களைப் படித்து, 96 வரிகள் கொண்ட ஒரே பட்டியலாக்கித் தருகிறது. குழிப்பெயரை ஏ01, ஏ02 என இரண்டு இலக்கமாக எழுதுகிறது. அந்த ஒரு சுழியம் எங்கள் ஆய்வகத்தில் அன்று இருந்திருந்தால் வரிசை மாறியிருக்காது. பைத்தான் மொழியிலும் இவ்வேலையை எளிதாகச் செய்யலாம். இரண்டும் விலையில்லாதவை.

எனினும் சுழியத்தை மட்டும் நம்புவது போதாது. இரண்டு பட்டியல்களை இணைக்கும்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டுதல் ஆகாது. இந்தப் பட்டியலின் டி07-ஐ அந்தப் பட்டியலின் டி07-உடன் சேர் என்று பெயரைச் சொல்லி இணைக்க வேண்டும். அவ்வாறு செய்தால் வரிசை எப்படிக் குலைந்திருந்தாலும் கவலையில்லை. இணைத்தபின் நிரலே மூன்று வினாக்கள் கேட்குமாறு எழுதியிருக்கிறோம்: வரிகள் 96 உளவா, ஒரே குழி இருமுறை வந்துளதா, பெயரில்லாத குழியில் எண் உளதா? ஒன்று தவறினாலும் நிரல் நின்றுவிடும், அறிக்கை வெளிவராது.

சில கருவிகள் எழுத்தின்றி, 1 முதல் 96 வரை எண்ணால் மட்டும் குழியைச் சொல்லும். இங்கே இரவுப் பள்ளியில் கற்ற வகுத்தலே துணை. 43-ஆம் குழி எது? 43-இல் ஒன்றைக் கழித்து 12-ஆல் வகுத்தால் ஈவு 3, மீதி 6. மூன்று வரிசை கடந்து நான்காவது வரிசை டி; ஆறு குழி கடந்து ஏழாவது. ஆகவே டி7. ஆனால் வேறு சில கருவிகள் மேலிருந்து கீழாக எண்ணும். அப்போது 42-ஐ 8-ஆல் வகுக்க வேண்டும்: ஈவு 5, மீதி 2; விடை சி6. அதே 43, இரண்டு கருவிகளில் இரண்டு மனிதர்கள். கருவியின் கையேட்டைப் படிக்காமல் நிரல் எழுதக் கூடாது.

அடுத்து, படம் வரைதல். பலர் இதனை ஒப்பனை என்று நினைக்கின்றனர். எங்களுக்கு இது அக்காவின் வெள்ளைத் தாள். 96 எண்களைப் பட்டியலாகப் பார்த்தால் கண் மயங்கும். அவற்றையே தட்டின் வடிவில் 96 வட்டங்களாக்கி, எண் பெருகப் பெருக நிறம் அடர்த்தியாகுமாறு வரைந்தால், மேசைமேல் இருக்கும் தட்டையும் திரையில் இருக்கும் தட்டையும் அருகருகே வைத்து ஒரே பார்வையில் ஒப்பிடலாம். வரைவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கணிப்பொறி வரைபடங்கள் கீழிருந்து மேலாக எண்ணும்; சொல்லாவிட்டால் ஏ வரிசை அடியிலும் எச் வரிசை உச்சியிலும் வந்து நிற்கும். அச்சைத் தலைகீழாக்கச் சொல்லுதல் வேண்டும். அன்றியும், படிக்கப்படாத குழியைச் சாம்பல் நிறத்தில் காட்ட வேண்டும். 'எண் இல்லை' என்பதும் 'எண் சுழியம்' என்பதும் ஒன்றாகா. பச்சையும் சிவப்பும் பிரித்தறிய இயலாத கண்களும் நம்மிடையே உண்டாதலால் அவ்விரு நிறங்களை எதிரெதிராக வைப்பதும் தகாது.

படம் எத்தனையோ குற்றங்களைக் காட்டிக்கொடுக்கும். பணியாரச் சட்டியில் நடுக்குழி வெந்தபோது ஓரக்குழி வேகாமல் இருப்பதைத் தாய்மார்கள் அறிவர். குழித்தட்டிலும் ஓரத்துக் குழிகளில் நீர் விரைந்து ஆவியாகும், வெப்பமும் வேறுபடும். படத்தில் சுற்றிலும் சட்டமிட்டாற்போல் நிறம் மாறித் தெரியும். 96-இல் ஓரக்குழிகள் 36 என்பதால் இது சிறு குறை அன்று. எட்டு முனைகளுடைய பிப்பெட்டில் ஒரு முனை தளர்ந்திருந்தால், ஒரு கிடைவரிசை முழுவதும் வெளிறிப்போகும். ஒருமுறை ஒரு படத்தில் ஒப்பீட்டு மாதிரிகளெல்லாம் 12-ஆம் நெடுவரிசையில் தோன்றின. தட்டைக் கருவியில் திருப்பி வைத்துவிட்டோம். ஏ1 இருக்க வேண்டிய இடத்தில் எச்12. எண்களைப் பார்த்தபோது எவருக்கும் ஐயம் எழவில்லை. படத்தைப் பார்த்தவுடன் புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பெண்ணே சொல்லிவிட்டார்.

ஒப்பீட்டு மாதிரிகளையும் இப்போது ஒரே வரிசையில் வைப்பதில்லை. சிலவற்றை நடுவிலும் சிலவற்றை வலப்புறத்திலும் சிதறி வைக்கிறோம். ஊற்றுவோருக்கு இது தொல்லைதான், முணுமுணுப்பும் உண்டு. இருப்பினும் விட்டுக்கொடுக்கவில்லை.

சுட்டியைப் பிடித்து இழுத்து ஒட்டியது எங்கும் பதிவாவதில்லை. நாளை எவரேனும் வந்து, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் விடையில்லை. நிரலோ எழுதிவைத்த சாட்சி. எங்கள் நிரலில் ஏறத்தாழ நாற்பது வரிகள் உள்ளன. ஒவ்வொரு வரிக்கும் மேலே அது என்ன செய்கிறது என்று தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறோம். அக்கா ஓய்வு பெறுமுன் அதனை ஒருநாள் அமர்ந்து படித்தார். மூன்று வினாக்கள் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, "இதற்கு முன்பே படத்தைக் காட்டச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். மாற்றியமைத்தோம்.

அந்த நிரலையும், பெயர்கள் நீக்கப்பட்ட இரண்டு தட்டுகளின் எண்களையும் கழக நூலகத்தின் கணிப்பொறியில் ஏற்றியிருக்கிறோம். ஒரு தட்டில் வேண்டுமென்றே ஒரு பிழை வைத்துள்ளோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களும் ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம் பயில்வோரும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரலாம். கணிப்பொறிகள் நான்கே இருப்பதால், ஒன்றுக்கு மூவராக அமர வேண்டியிருக்கும். கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்றும் பென்சிலும் கொண்டுவர வேண்டுகிறோம். முதல் ஒரு மணி நேரம் தாளில்தான் வேலை.